மூலமா, வேறு நோயா: அறிகுறிகளைப் பார்த்து அறியும் முறை

மலம் கழிக்கும்போது இரத்தம் தென்பட்டதும் அது மூலம்தான் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம்’ சுவரொட்டியின் முகவரியைத் தேடிப் போகிறவர்கள் தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கும் குறைவில்லை. தம் உடலில் நடப்பதைச் சரியாகப் பார்க்கவும், பார்த்ததை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும் தெரிந்தால் இவ்விரு சாராரும் பெருந்துன்பத்திலிருந்து தப்பலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் வலியை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. உட்காரவும் நிற்கவும் விடாமல் வலிக்கின்ற கட்டி பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். வலியே இல்லாமல் வருகின்ற இரத்தம் நிற்காவிட்டாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோதான் மருத்துவர் ஒருவர் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

உடலில் நடப்பது என்ன

ஆசனவாயின் உட்சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்த மென்மையான திசுத் திரட்சிகள் எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் நீர்த்த மலமும் நம்மை அறியாமல் கசிந்துவிடாதபடி ஆசனவாய் இறுக மூடிக்கொள்ள அவை உதவுகின்றன. மலச்சிக்கலால் முக்குவது, கழிப்பறையில் நெடுநேரம் குந்தியிருப்பது, கர்ப்ப காலத்தில் வயிற்றின் அழுத்தம் கூடுவது, பளு தூக்குவது முதலியவற்றால் இத்திரட்சிகள் வீங்கி, பிடிமானம் தளர்ந்து கீழிறங்கும்போதுதான் அதை மூலநோய் என்கிறோம். ஆசனவாய்க் குழாயின் இடையில் ஓர் எல்லைக் கோடு உண்டு. அதற்கு மேலுள்ள படலத்தில் தோலில் இருப்பதைப் போன்ற வலி நரம்புகள் இல்லை. ஆகவே அங்கு உண்டாகும் உள்மூலம் இரத்தம் சிந்துமே தவிர, பொதுவாக வலிக்காது. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். அங்கு உண்டாகும் வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் கடுமையாக வலிக்கும். பின்னால் சொல்லப்படும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே புரிந்துவிடும்.

நம் பகுதியின் வாழ்க்கைமுறையும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் விசைப்படகில் போகிறவர்கள் இரவு முழுவதும் கடலில் இருந்துவிட்டு மறுநாள்தான் கரை திரும்புகிறார்கள். ஆடும் படகில், மறைப்பும் இல்லாத இடத்தில், வருகின்ற உணர்வை அடக்கிக்கொள்வதே பழக்கமாகிவிடுகிறது. அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ள, மலம் இறுகிப்போகிறது. பாம்பன் சின்னப்பாலத்திலும் ஏர்வாடிப் பக்கத்திலும் பாசி எடுக்கப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உடலின் நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. நிலத்தடி நீர் உவர்ப்பாகி, குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் வீட்டில் தாகத்துக்குக் குடிப்பதிலும் கைச்சிக்கனம் வந்துவிடுகிறது. சோறும் மீன் குழம்பும் கருவாடும் மட்டுமே நாள்தோறும் உணவானால் நார்ச்சத்துக்கு வழியில்லை, ஏனெனில் மீனில் நார்ச்சத்து அறவே கிடையாது. நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் நீர் அருந்தாதவர்கள் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் போதிய நீர் குடிக்காவிட்டால் அவர்களுக்கும் மலச்சிக்கல் வரலாம். இவற்றில் ஏதேனும் உங்களுக்குப் பொருந்தினால், கீழே வரும் அறிகுறிகளைச் சற்றுக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இரத்தத்தைப் பார்ப்பது

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் சொல்லக்கூடியது இரத்தமே. தவறாகப் பார்க்கப்படுவதும் அதுவே. விடியுமுன் கருவேலங்காட்டுக்கோ கடற்கரைக்கோ வெளிக்குப் போகிறவர் தம் மலத்தைப் பார்ப்பதே இல்லை. கைலியிலோ பாவாடையிலோ கறை பட்ட பிறகுதான் தெரிய வருகிறது. எனவே சந்தேகம் வந்தவர், வெளிச்சமுள்ள வெள்ளைப் பீங்கான் கழிப்பறையைச் சில நாள்களாவது பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. கழுவுவதற்கு முன் வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றால் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். துணியில் படிந்த இரத்தத்தின் நிறத்தையும் அளவையும் அப்போது சரியாகக் காணலாம். கோப்பையிலுள்ள நீரைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் நாலைந்து துளி இரத்தமே அங்குத் தேங்கியிருக்கும் நீர் முழுவதையும் சிவப்பாக்கி, பெருமளவில் கொட்டியதைப் போலக் காட்டிவிடும்.

முதலில் நிறம். உள்மூலத்தில் வரும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், ஏனெனில் அது வாயிலின் அருகிலேயே கசிந்து உடனே வெளியே வருகிறது. அடுத்தது, அது மலத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. மூலத்தில் இரத்தம் மலத்தின் மேற்பரப்பில் பூசினாற்போல் இருக்கும். அல்லது மலம் முழுவதும் வெளியேறிய பின் துளித்துளியாகச் சொட்டும். சிலருக்குப் பீய்ச்சியடிப்பதும் உண்டு. மலத்துக்குள்ளேயே கலந்து வராது. மூன்றாவதாகக் காலம். இறுகிய மலம் போகும் நாள்களில் இரத்தம் வருவதும், மலம் இளகியவுடன் நின்றுவிடுவதும், சில வாரங்கள் கழித்து மீண்டும் தலைகாட்டுவதும் மூலத்தின் வழக்கமான போக்கு. அப்படி நின்றுபோகும் இடைவெளியைத்தான் பலர் குணமாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தப் போக்குக்கு மாறாக வரும் இரத்தத்தை மூலம் என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. கருஞ்சிவப்பாகவோ கட்டிகட்டியாகவோ மலத்தில் கலந்து வந்தால் குடலின் மேற்பகுதியிலிருந்து வருகிறது என்று பொருள். வயிற்றை முறுக்கும் வலியோடு, அடிக்கடி சிறிது சிறிதாகச் சளியும் இரத்தமும் போனால் சீதபேதியாக இருக்கலாம், குடல் அழற்சியாகவும் இருக்கலாம். மலமே கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிகிறது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுத்துப் போவது உண்டு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அந்த மாத்திரையால் வரும் மலச்சிக்கலைச் செவிலியரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் மலம் சிவந்திருப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

பெண்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிடாயை ஒட்டிய நாள்களில் துணியில் படும் கறை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடுகிறது. அந்த நாள்கள் கடந்த பின்னும் மலம் கழித்தவுடன் ஒற்றிய துணியில் சிவப்புத் தெரிந்தால் அது ஆசனவாயிலிருந்து வருவதாக இருக்கலாம். மாதவிடாய் நின்றுபோனவர்களுக்குக் கறை எந்த வழியாக வந்தாலும் பரிசோதனை தேவை.

சிறு அளவில் நாள்தோறும் போகும் இரத்தம், பார்ப்பதற்கு அற்பமாக இருந்தாலும், மாதக்கணக்கில் போகும்போது இரத்தசோகையில் கொண்டுபோய் விடலாம். உப்பளத்தில் வேலை செய்யும்போது மூச்சு வாங்குவதையும் தலை சுற்றுவதையும் வெயிலின் மேல் சாற்றிவிடுவது எளிது. நல்ல வெளிச்சத்தில் கீழ் இமையை விரலால் இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உட்புறம் சிவப்பு மங்கி வெளுத்திருந்தால், களைப்புக்குக் காரணம் வெயில் மட்டும்தான் என்று இருந்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வெளியே வந்து உள்ளே போகும் சதை

உள்மூலம் முற்றும்போது இரத்தத்தோடு இன்னோர் அறிகுறியும் சேர்ந்துகொள்கிறது: மலம் கழிக்கையில் ஏதோ ஒன்று பிதுங்கி வெளியே வருவது. அது எவ்வளவு தூரம் வருகிறது, எப்படித் திரும்பிப் போகிறது என்பதை வைத்தே மருத்துவர்கள் நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் இரத்தம் மட்டும் வரும், சதை வெளியே வராது. இரண்டாம் நிலையில் முக்கும்போது வெளியே வந்து, எழுந்ததும் தானே உள்ளே போய்விடும். மூன்றாம் நிலையில் விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது, போனாலும் நிற்காது. மருத்துவரிடம் போகும்போது “சதை வெளியே வருகிறது” என்பதோடு நிறுத்தாமல், அது தானே போகிறதா, தள்ள வேண்டியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சை பெரிதும் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும். வெளியே வந்த சதை உள்ளே போகாமல் திடீரென வீங்கிக் கறுத்து வலிக்கத் தொடங்கினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அதன் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம்.

பிதுங்கும் மூலம் சளி போன்ற நீரைக் கசியவிடும். உள்ளாடை ஈரமாவதும், கழுவிய பின்னும் சுத்தமாகாதது போன்ற உணர்வும், மலம் முழுவதும் போகவில்லை என்ற நினைப்பும், தோலில் அரிப்பும் இதனால் வருகின்றன. ஆனால் அரிப்பு ஒன்றை மட்டும் கொண்டு மூலம் என்று முடிவு செய்ய வேண்டாம். கடல்நீரில் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் இருக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கு உப்பாலும் உராய்வாலும் அதே இடத்தில் தோல் புண்ணாகி அரிக்கலாம், படர்தாமரையும் வரலாம். குழந்தைகள் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுதால் பெரும்பாலும் அது கீரிப்பூச்சியின் வேலை. சிறு குழந்தைகளுக்கு மூலம் வருவது அரிது. குழந்தைக்கு வளையம் வளையமாகச் சிவந்த சதை வெளியே தள்ளினால் அது மலக்குடலே இறங்கியிருப்பது. அதைக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி வரும்போது

வலியைப் பொறுத்தவரை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அது எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான்.

ஆசனவாயின் விளிம்பில் திடீரென ஒரு கட்டி தோன்றி, நாவற்பழ நிறத்தில் பளபளப்பாகப் புடைத்து, தொட்டாலே துடிக்கும்படி வலித்தால், வெளிமூலத்துக்குள் இரத்தம் உறைந்திருக்கிறது. பளுவான வலையையோ ஐஸ் பெட்டியையோ தூக்கிய பின், அல்லது பலமாக முக்கிய பின் இது வரலாம். முதல் இரண்டு மூன்று நாள்களில் வலி உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்லக் குறைந்து, கட்டி சில வாரங்களில் வற்றி, தோல் மடிப்பு ஒன்று மட்டும் எஞ்சலாம். வலி தாங்க முடியாததாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போவதே மேல், ஏனெனில் அந்தக் காலத்துக்குள்தான் உறைந்த கட்டியைச் சிறு அறுவையில் எடுப்பதால் நல்ல பலன் கிடைக்கும். வீட்டிலேயே பிளேடாலோ ஊசியாலோ குத்தி இரத்தத்தை வெளியேற்ற ஒருபோதும் முயலக் கூடாது.

கட்டி எதுவும் இல்லாமல், மலம் போகும்போது கத்தியால் கீறுவதுபோல் வலித்து, அந்த எரிச்சல் பல நிமிடங்களோ சில மணி நேரமோ நீடித்தால் அது மூலம் அன்று, ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் தோலைக் கிழிப்பதால் உண்டாவது இது; பெரும்பாலும் பின்புற நடுக்கோட்டில் இருக்கும்; மலத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடு போட்டாற்போல் சிறிது இரத்தம் தெரியும். நம் ஊர்க் குண்டு மிளகாய் அரைத்த குழம்பு சாப்பிட்ட மறுநாள் எரிச்சல் கூடுவதால், மிளகாய்தான் நோயைக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். காரம் ஏற்கெனவே உள்ள புண்ணை எரியச் செய்கிறது, அவ்வளவே. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குவதால் அது மேலும் இறுகி வெடிப்பை ஆழமாக்குகிறது என்பதால், இந்நோயாளிக்கு மலத்தை இளக்குவதே முதல் மருந்து.

மலம் கழிப்பதோடு தொடர்பில்லாமல் இரவும் பகலும் விண்விண்ணென்று தெறிக்கும் வலியும், ஒரு பக்கம் சிவந்த வீக்கமும், காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டி பிடித்திருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது விரைவாகப் பரவி ஆபத்தாகும் என்பதால் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். சீழ்க்கட்டி உடைந்த பின் ஆசனவாயின் அருகில் சிறு துளை ஒன்று இருந்துகொண்டு, அவ்வப்போது சீழ் வடிந்து துணியில் படிந்தால் அதுவே பவுத்திரம். சுவரொட்டிகள் மூலத்தையும் பவுத்திரத்தையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிட்டாலும் அவை வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது.

தானே பார்த்துக்கொள்ளும் முறை

இடப்பக்கமாகப் படுத்து, முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்கிக்கொண்டு, கைக்கண்ணாடியும் கைப்பேசி வெளிச்சமும் கொண்டு வெளிப்புறத்தைப் பார்க்கலாம். கணவனோ மனைவியோ பார்த்துச் சொன்னால் இன்னும் எளிது. வீக்கம், நிறம், வெடிப்பு, துளை, சீழ் ஆகியவற்றைக் கவனியுங்கள். உள்ளே விரலை விட்டுத் தேட வேண்டாம், ஏனெனில் உள்மூலம் மிருதுவானது, அழுத்தினால் அமுங்கிவிடும், அனுபவமுள்ள மருத்துவரின் விரலுக்கே பல வேளைகளில் தட்டுப்படாது. கழுவும்போது உள்ளே கடினமாக ஏதேனும் தட்டுப்பட்டால் அது மூலமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதைத் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

தாமதிக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. இரத்தம் நிற்காமல் கொட்டி மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். 45 வயதைக் கடந்தவருக்கு முதன்முறையாக இரத்தம் வந்தாலும், பல ஆண்டுகளாக ஒரே நேரத்தில் இயல்பாக மலம் கழித்தவருக்குச் சில வாரங்களாகச் சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்படலாம். மலக்குடல் புற்றுநோயின் தொடக்கமும் மூலத்தைப் போலவே வலியில்லாத இரத்தமாக இருக்கக்கூடும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். பழைய மூலம்தான் என்று ஓராண்டு கடத்திவிட்டு வருகிறவர்களை நினைத்துத்தான் இந்தப் பத்தியை அழுத்தமாக எழுதுகிறேன். குடிப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மலக்குடல் நாளங்கள் புடைத்து இரத்தம் வருவதுண்டு. இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறு மூலமும் அதிகமாகக் கசியும். இவ்விரு நிலைகளையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், இறுகிய மலத்தோடு சிறிது சிவப்பு மட்டும் தெரிந்தால், ஒரு வாரம் வீட்டிலேயே கவனித்துப் பார்க்கலாம். கீரை, கொய்யா, வாழைத்தண்டு, கிடைக்கும் காலத்தில் பனங்கிழங்கு, இரவில் இசப்கோல், போதிய தண்ணீர், உணர்வு வந்தவுடன் அடக்காமல் போவது, 5 நிமிடத்துக்கு மேல் குந்தியிருக்காதது, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்வது ஆகியவை போதும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருப்பதால், ஒரு வாரத்துக்கு மேல் அவற்றைத் தடவக் கூடாது. வாரம் கடந்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், நின்று மீண்டும் வந்தாலும் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். அங்கிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். உங்களைப் படுக்க வைத்துப் பார்க்காமலே மூலம் என்று சொல்லி ஊசி போடவோ, மருந்து வைத்துக் கருக்கவோ முன்வருகிறவரிடம் எந்தக் காரணம் கொண்டும் உடன்படாதீர்கள். அரிக்கும் மருந்தால் வெந்து ஆசனவாய் சுருங்கிப்போனவர்களின் துன்பம் மூலத்தின் துன்பத்தைவிடக் கொடியது.

உண்மையான பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லி, கையுறை அணிந்த விரலில் ஜெல்லி தடவி உள்ளே பார்ப்பார்கள். பிறகு புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயை விளக்கொளியில் செலுத்தி உள்மூலம் இருக்கிறதா என்று நேராகக் காண்பார்கள். அழுத்தம் போன்ற உணர்வு இருக்கும், பெரிய வலி இருக்காது. வெடிப்பு இருந்து வலித்தால் முன்னரே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அந்தப் பரிசோதனையைத் தள்ளிவைப்பார்கள். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை. இந்தப் பரிசோதனைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் காலை உணவை முடித்துக்கொண்டு, சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் போதும்.